வெயில் காலத்துக்கு ஏற்ற பேபி கேரியர்: தேர்ந்தெடுப்பது முதல் துவைப்பது வரை

வெயில் காலத்துக்கென்று பேபி கேரியர் தேடுகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் துணியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். மெல்லிசாக இருந்தால் குழந்தைக்குப் புழுங்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தால் துணி தொய்கிறது, குழந்தை ஒரு பக்கம் சரிகிறது, தோள் அறுபடுகிறது. கொஞ்ச நாளில் கேரியர் அலமாரிக்குள் போய்விடுகிறது.

புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்குக் கேரியர் கட்டக் கற்றுத் தந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: கோளாறு பெரும்பாலும் பொருளில் இருப்பதில்லை, தேர்ந்தெடுத்த வரிசையில் இருக்கிறது. குழந்தையின் வயதும் எடையும் முதலில் வர வேண்டும். அடுத்து கேரியரின் வகை. அதற்குப் பிறகுதான் துணி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒவ்வொரு படியிலும் சமரசம் செய்துகொண்டே போக வேண்டியிருக்கும்.

1. வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழந்தையின் இப்போதைய எடை தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் எடுத்த எடை போதாது, ஏனென்றால் கேரியரின் கீழ் வரம்பும் மேல் வரம்பும் எடையை வைத்தே எழுதப்படுகின்றன.

இரண்டாவது, ஓர் அளவு. குழந்தையின் கால்களை மடக்கி உட்காரும் நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து பிட்டத்துக்கு அடியாக மறு முழங்கால் மடிப்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கேரியரின் இருக்கைப் பகுதி ஏறக்குறைய இந்த அகலத்துக்கு வர வேண்டும். அகலம் குறைந்தால் கால்கள் நேராகத் தொங்கும். கூடினால் முழங்கால் மடிப்பில் துணி அழுத்தும்.

மூன்றாவது, யார் யார் சுமக்கப் போகிறீர்கள் என்பது. உயரமும் இடுப்பளவும் வேறுபட்ட இருவர் மாறி மாறிச் சுமப்பதாக இருந்தால், இருவரும் கட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சுத் தொந்தரவோ இடுப்பு மூட்டுக் கோளாறோ உள்ள குழந்தை என்றால், கேரியர் பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே மற்றதெல்லாம்.

2. வெப்பம் எப்படிச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்தக் கேரியரும் குழந்தையைக் குளிர்விக்காது. குழந்தையின் உடலிலிருந்து வெளியேற வேண்டிய சூட்டை மறிக்காமல் இருப்பதுதான் நல்ல கேரியர் செய்யக்கூடிய அதிகபட்ச உதவி. "குளிர்ச்சி தரும்" என்று அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கேரியரில் இருக்கும் குழந்தையின் முன்புறம் முழுக்க உங்கள் மார்பில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் காற்று போகாது, எவ்வளவு விலையுயர்ந்த துணியானாலும் போகாது. ஆகவே சூடு வெளியேற மிஞ்சியிருப்பவை முதுகு, தலை, கை, கால் ஆகியவைதான். இவற்றில் எதை எத்தனை அடுக்கால் மூடுகிறோம் என்பதே தேர்வின் மையக் கேள்வி.

எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தைக்குத் தோல்பரப்பு அதிகம். சுற்றிலும் வெக்கையாக இருக்கும்போது பெரியவர்களைவிட வேகமாக உடல் சூடாகும். வியர்த்துத் தணித்துக்கொள்ளும் திறனும் இன்னும் முழுதாக வந்திருக்காது. "எனக்கே தாங்குகிறதே, குழந்தைக்கு என்ன" என்ற கணக்கு இங்கே செல்லாது.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை, அதாவது ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் வீசும் காற்றே சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றில் ஈரப்பதமும் அதிகமாக இருந்தால் அதுவும் நடக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்தத் துணி என்று ஆராய்வதைவிட வெளியே போவதைத் தள்ளிப்போடுவதே சரி.

3. வயது, எடை, கழுத்து உறுதி

பக்கிள் வைத்த கேரியர்களில் பலவற்றுக்குக் குறைந்தபட்ச எடை சுமார் 3.2 கிலோ முதல் 3.5 கிலோ வரை இருக்கிறது. சிலவற்றில் அதற்கும் மேல். "பிறந்ததிலிருந்தே பயன்படுத்தலாம்" என்று முகப்பில் அச்சிட்டுவிட்டு, சிறிய குழந்தைக்குத் தனியாக உள்திண்டு வேண்டும் என்று கையேட்டில் சொல்பவையும் உண்டு. வெயில் காலத்தில் அந்த உள்திண்டு குழந்தையைச் சுற்றிப் போர்த்திய ஒரு மெத்தை. கைக்குழந்தைக்கு வாங்குகிறீர்கள் என்றால், உள்திண்டு இல்லாமலே இருக்கையின் அகலத்தைக் குறைக்கக்கூடியதாகப் பாருங்கள்.

நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கழுத்துத் தசை உறுதிப்படாததால் மோவாய் மார்பில் கவிழ்ந்தால் நிமிர்த்திக்கொள்ள அவர்களால் முடியாது. மூச்சுக்குழல் மடங்கி, சத்தமே இல்லாமல் மூச்சு தடைப்படும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் வகைகள், அதாவது ஒரு தோளில் மாட்டித் தொங்கும் துணிக் கேரியர்கள் குறித்து விடுத்த எச்சரிக்கையும் இந்த வயதினரைத்தான் குறிப்பாகச் சொன்னது.

வெளியே பார்த்தபடி உட்கார வைத்தால் குழந்தைக்குக் காற்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுகு உங்கள் மேல் ஒட்டுகிறது, முகமும் வயிறும் வெயிலுக்கு நேராகத் திரும்புகின்றன. லாபம் ஒன்றும் இல்லை. முதல் ஆறு மாதம் உங்களைப் பார்த்தபடியே இருக்கட்டும். இடுப்பு மூட்டுக்கும் அதுதான் நல்லது.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்: அடுக்குகளை எண்ணுங்கள்

இழுபடும் நீளத் துணி ராப் கைக்குழந்தைக்கு மிக இதமானது. ஆனால் வழக்கமாகக் கட்டும் முறையில் குழந்தையின் முதுகின் மேல் மூன்று அடுக்குத் துணி வரும். உங்கள் உடம்பைச் சுற்றியும் மீட்டர் கணக்கில் துணி. குளிர்சாதன அறைக்குள் பரவாயில்லை, வெளி வெயிலுக்கு இது கடைசித் தேர்வு. வியர்வையில் நனைந்தால் இன்னும் தொய்யும்.

நெய்த துணி ராப் நீளவாக்கில் இழுபடாது என்பதால் ஒரே அடுக்கில் கட்டும் முறைகள் அதில் பாதுகாப்பாக அமையும். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

ரிங் ஸ்லிங், அதாவது இரண்டு வளையங்களில் துணியைக் கோத்து இறுக்கும் ஸ்லிங், வெக்கைக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. குழந்தையின் மேல் ஓர் அடுக்கு, உங்கள் முதுகில் ஒரு பட்டை, அவ்வளவுதான். திண்டு இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. சட்டென்று கழற்றலாம், அதுவே வெயிலில் பெரிய வசதி. பாரம் முழுதும் ஒரே தோளில் விழுவதால் எடை கூடிய குழந்தையை நெடுநேரம் சுமக்க முடியாது. வளையங்கள் ஒட்டு இல்லாத அலுமினியமாகவோ ஸ்லிங்குக்கென்றே செய்த உறுதியான நைலானாகவோ இருக்க வேண்டும். பற்றவைத்த இணைப்புள்ள வளையம் சுமை ஏறும்போது விட்டுப் போகலாம்.

பக்கிள் வைத்த கேரியர் நீண்ட நடைக்கும் எடை கூடிய குழந்தைக்கும் ஏற்றது. இரு தோளும் இடுப்பும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மெஷ் எனப்படும் வலைத்துணியில் அதிகம் கிடைப்பதும் இந்த வகையே. திண்டுகளின் கனம்தான் இதன் பலவீனம்.

தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: ஆறு மாதத்துக்குள், வீட்டைச் சுற்றிக் குறுகிய நேரம் என்றால் ரிங் ஸ்லிங் (நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மேலே சொன்ன கூடுதல் கவனத்தோடு). அதற்கு மேல், அல்லது தினமும் நீண்ட தூரம் என்றால் மெல்லிய திண்டுள்ள மெஷ் பக்கிள் கேரியர்.

5. துணியைச் சோதியுங்கள்

காற்று புகுவதும் ஈரம் உறிஞ்சுவதும் இரண்டு தனித்தனிக் குணங்கள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இங்கே குழப்பம் வருகிறது.

பாலியெஸ்டர் மெஷ் துளைகள் வழியே காற்றை விடும். ஆனால் அதன் இழை தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட உள்வாங்காது. வியர்வை தோலிலேயே நிற்கும், காற்று வீசினால் ஆறும், வீசாவிட்டால் கசகசக்கும். பருத்தி இழை சாதாரணச் சூழலில் சுமார் 8 சதவீதம், லினன் சுமார் 12 சதவீதம் ஈரம் ஏற்கும். லினன் விறைப்பாக நின்று உடலிலிருந்து சற்று விலகியிருக்கும், சீக்கிரம் உலரும். பருத்தி நனைந்தால் உலர நேரமாகும். மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது விஸ்கோஸ், அதாவது மூங்கில் கூழிலிருந்து இரசாயன முறையில் எடுத்த இழை. மிருதுவானது, நன்றாக உறிஞ்சும், ஆனால் ஈரத்தில் வலுவிழந்து தொய்யும்.

காற்று வீசும் இடத்தில் நடப்பவருக்கு மெஷ் பலன் தரும். காற்றே இல்லாத புழுக்கத்தில் மெல்லிய பருத்தியோ லினனோ குழந்தையின் தோலுக்கு இதமாக இருக்கும். இரண்டையும் கலந்து, நடுவில் மெஷ்ஷும் தோலில் படும் ஓரங்களில் பருத்தியுமாகத் தைத்தவையும் கிடைக்கின்றன.

கையில் கிடைத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் இவை.

ஊதிப் பாருங்கள். குழந்தையின் முதுகு படும் இடத்தில் துணியை வாயோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் உள்ளங்கையைப் பிடித்து ஊதுங்கள். மூச்சுக் காற்று கையில் தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் தேன்கூட்டுத் துளைகளோடு அழகான மெஷ், உள்ளே அதற்குப் பின்னால் நெருக்கமான லைனிங், நடுவில் மெல்லிய ஃபோம் என்று தைத்த கேரியர்கள் நிறைய இருக்கின்றன. கண்ணுக்குக் காற்றோட்டமாகத் தெரியும். ஊதினால் மூச்சு முட்டி உங்கள் முகத்துக்கே திரும்பும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெஷ் எதுவரை இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். சிலவற்றில் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சன்னல் மட்டுமே இருக்கும், மீதி எல்லாம் கனத்த துணி. குழந்தையின் முதுகு முழுவதும் படும் இடத்தில் மெஷ் இருந்தால்தான் கணக்கில் சேரும். ஜிப் திறந்தால் மெஷ் வரும் வகையில், மடித்த துணி எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பாருங்கள். பிட்டத்தின் அருகே சுருண்டு கிடந்தால் அங்கே வியர்வை தேங்கி வேர்க்குரு வரும்.

இழுத்துப் பாருங்கள். நீளம், அகலம், மூலைவிட்டம் என மூன்று திசையிலும். நெய்த துணி மூலைவிட்டத்தில் மட்டும் சற்று இளகிக் கொடுத்துத் திரும்ப வேண்டும். இழுத்த இடம் இழுத்தபடியே நின்றால் ஒரு மணி நேரத்தில் குழந்தை கீழே இறங்கியிருக்கும்.

உள்பக்கத்தை உங்கள் முழங்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். மெஷ்ஷின் முரட்டுத்தனம் உள்ளங்கைக்குத் தெரியாது, அந்த மெல்லிய தோலுக்குத் தெரியும். வியர்த்த தொடையில் உரசும்போது குழந்தைக்கும் தெரியும்.

ராப், ரிங் ஸ்லிங் வாங்குவதானால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 200 கிராமை ஒட்டியது வெயிலுக்கு ஏற்ற மெல்லிய துணி. 250 தாண்டினால் கனம். மிக மெல்லியது எப்போதும் மேலானது என்றில்லை. எடை கூடிய குழந்தையை மிக மெல்லிய துணியில் தூக்கினால் அது தோளில் கயிறாகத் திரண்டு அறுக்கும்.

ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: காற்று புகும் துளை வழியே வெயிலும் புகும் அல்லவா? புகும். விரிந்த துளையுள்ள மெஷ் புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. எனவே மெஷ் கேரியர் நிழலுக்கானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6. திண்டு, பட்டை, நிறம்

வெயிலில் சுமப்பவர் படும் பாட்டில் பெரும்பங்கு இடுப்புப் பட்டையால் வருகிறது. ஃபோம் தடித்த பட்டையின் அடியில் வியர்வை வெளியேற வழியே இல்லை. பட்டை அகலமாக இருக்கட்டும், தடிமனாக இருக்க வேண்டாம். தோள்வார்களை முதுகில் குறுக்காகப் போட்டால் பாரம் நன்றாகப் பிரியும், முதுகு அதிகம் மூடும். நேராகப் போட்டால் முதுகுக்குக் காற்று கிடைக்கும். இரண்டு வகையிலும் மாட்டக்கூடியதை வாங்கினால் அன்றன்றைக்குத் தீர்மானித்துக்கொள்ளலாம். நேரடி வெயிலில் கறுப்பும் கருநீலமும் சீக்கிரம் சூடேறும், வெளிர் நிறம் மேல்.

பாதுகாப்புத் தரக் குறியீட்டையும் இந்தக் கட்டத்தில் பார்த்துவிடுங்கள். மென்மையான கேரியர்களுக்கு அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2236 அல்லது ஐரோப்பியத் தரமான ஈஎன் 13209-2, ஸ்லிங்குகளுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்2907. லேபிளே இல்லாததைத் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

7. கட்டிப் பாருங்கள்: வெக்கைக்காகத் தளர்த்தாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வெயில் காலத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறும், அதிகம் பயப்படும் தவறும் ஒன்றுதான். குழந்தைக்குக் காற்று போகட்டும் என்று கேரியரைத் தளர்த்திக் கட்டுகிறார்கள்.

தளர்த்தினால் குழந்தையின் முதுகு கூனும், உடல் கீழே சரியும், மோவாய் மார்பில் போய் இடிக்கும். முகம் துணிக்குள்ளோ உங்கள் மார்பிலோ புதையும். கிடைக்கிற காற்றோ மிகக் கொஞ்சம், ஏனென்றால் தளர்ந்த துணி குழந்தையின் முதுகில் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து இன்னும் புழுக்கத்தைத்தான் உண்டாக்கும். மூச்சுவழி திறந்திருக்க வேண்டும் என்றால் கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். புழுக்கத்துக்கான தீர்வு கட்டைத் தளர்த்துவதில் இல்லை. உடுப்பிலும் நேரத்திலும் இருக்கிறது.

கட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, சாதாரணமாக நீங்கள் கட்டுவதைவிட உயரமாக. இது தாழ்ந்திருந்தால் பின்னால் எதைச் சரிசெய்தாலும் குழந்தை தாழ்ந்தேதான் இருக்கும். அடுத்து குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கேரியரின் நடுத்துணியை அதன் முதுகின் மேல் ஏற்றுங்கள். ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல் இருக்க வேண்டும். பிறகு ஒரு தோள்வார், அடுத்த தோள்வார், பக்கிள். கடைசியில் இருபக்க வார்களையும் சமமாக இழுங்கள். முதல் சில முறை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிரே கண்ணாடி வைத்துப் பழகுங்கள். குழந்தை பசியாறி, தூக்கம் கலைந்து தெளிவாக இருக்கும் நேரம் நல்லது. அழுகிற குழந்தையை வைத்துப் பழகினால் அவசரத்தில் பாதிப் படிகள் விடுபடும்.

கட்டி முடித்ததும் கண்ணாடியில் சரிபாருங்கள். தலை குனிந்தால் குழந்தையின் உச்சந்தலையில் முத்தமிட முடிகிறதா? முகம் முழுதும் உங்கள் பார்வையில் இருக்கிறதா? மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா? முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறதா? குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். உடல் நிமிர்ந்து உங்கள் பக்கம் இன்னும் நகர்ந்தால் கட்டு தளர்வு என்று பொருள்.

பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டு மறுபடியும் இதே சோதனை. உடற்சூட்டிலும் வியர்வையிலும் துணி சற்று இளகும். அந்த இளக்கத்தை இழுத்துச் சரிசெய்த பிறகுதான் வெளியே போக வேண்டும்.

8. உடுப்பு

கேரியரை ஓர் உடுப்பாகக் கணக்கிடுங்கள். கேரியருக்குள் முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டு வைப்பது இரட்டை உடுப்பு. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். வெறும் டயபரோடு வைத்தால் நன்றாகக் குளிருமே என்பார்கள். தோலும் தோலும் ஒட்டி வியர்வை வழுக்கும், தொடையில் வார் உரசிப் புண்ணாகும். உங்கள் மார்புக்கும் குழந்தைக்கும் நடுவே மெல்லிய மஸ்லின் துணி ஒன்றை விரியுங்கள். நனைந்ததும் மாற்றிக்கொள்ளலாம். விளிம்பு குழந்தையின் மூக்குக்கு எட்டாதபடி தோளுக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

கேரியரில் உட்கார்ந்ததும் கால்சட்டை மேலேறிக் கெண்டைக்கால் வெளியே தெரியும். நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தால் முதலில் சிவப்பது அந்த இடம்தான். தளர்வான, சற்று நீளமான காலுடுப்பு போடுங்கள். தலைக்கு அகல விளிம்புத் தொப்பி. கேரியரின் தலைமூடியை வெயிலுக்காக இழுத்து மாட்டாதீர்கள், தலையிலிருந்து சூடு போகும் வழி அடைபடும். மேலே துண்டைப் போர்த்துவதும் அதே தவறு, உள்ளே மூச்சுக்காற்றும் சூடும் தேங்கும். நனைத்த துண்டானாலும் போர்த்த வேண்டாம். நிழலுக்குக் குடைதான் சரி.

9. வெளியே போகும்போது

முதல் முறை காலையிலோ மாலையிலோ, சிறிது தூரம் மட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். கை, கால் விரல்களை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பிடரி வெதுவெதுப்பாக, உலர்ந்திருந்தால் நல்லது. சுட்டாலோ ஈரமாக இருந்தாலோ நிழலுக்குப் போய் வெளியே எடுத்துவிடுங்கள். அரை மணிக்கொரு முறை, குழந்தை தொந்தரவு செய்யாவிட்டாலும் எடுத்து ஆற விடுங்கள். அசந்து தூங்கும் குழந்தை சுகமாக இருக்கிறது என்று எண்ணிவிடத் தோன்றும், வெக்கையில் சோர்ந்த குழந்தையும் அப்படியேதான் கிடக்கும்.

வெயிலில் பால் அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த தாய்ப்பால் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தண்ணீர் குடிக்க வேண்டியவர் சுமப்பவர். கேரியரிலேயே பால் கொடுக்கத் தளர்த்தியிருந்தால், முடிந்ததும் உயர்த்தி இறுக்கிக் கட்ட மறந்துவிடாதீர்கள்.

முகம் சிவந்து மூச்சு வேகமாவது, எழுப்பினால் எழாமல் துவள்வது, பால் மறுப்பது, டயபர் நெடுநேரம் நனையாமல் இருப்பது ஆகியவை உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். உடுப்பைக் குறைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, மருத்துவ உதவி தேடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், வெயிலால் இருக்கும் என்று காத்திருக்கக் கூடாது.

10. துவைப்பதும் கவனிப்பதும்

புதுத் துணியில் உள்ள கஞ்சி உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். எனவே முதல் பயன்பாட்டுக்கு முன்பே ஒருமுறை துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், இழையின் மேல் படலம் படிந்து ஈரம் ஏற்காது. வியர்வை உப்பு காய்ந்த வார்கள் விறைத்து உரசும். தோள்வாரில் குழந்தை சப்பும் இடத்துக்குத் தனியாகத் துணி உறை மாட்டினால் கேரியர் முழுவதையும் அடிக்கடி நனைக்க வேண்டியதில்லை. ஃபோம் உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மேல் துணி உலர்ந்ததும் மடித்து வைக்காமல் திண்டை அழுத்திப் பார்த்து, குளிர்ச்சி தட்டினால் இன்னும் காய விடுங்கள். நிழலில் காற்றோட்டமாகக் காய்வது நைலான் வார்களின் ஆயுளுக்கும் நல்லது.

மாதம் ஒருமுறை, பழைய கேரியரை வாங்கினால் முதல் நாளே, தையல்களை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பாரம் ஏறும் மூன்று இடங்கள் முக்கியம்: தோள்வார் நடுத்துணியோடு சேருமிடம், இடுப்புப் பட்டை சேருமிடம், மெஷ்ஷும் கனத்த துணியும் சந்திக்கும் ஓரம். மெஷ் கிழிவது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான். ஊசித்துளைகள் நீண்டு தெரிந்தாலோ நூல் பிரிந்திருந்தாலோ, பக்கிள் மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் வராவிட்டாலோ அந்தக் கேரியரில் குழந்தையை ஏற்ற வேண்டாம்.